பறவைப் படத்துக்கு ஒன்றரை லட்சம்: லென்ஸை மாற்றவா, கேமராவை மாற்றவா?

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பாளையங்கோட்டை. கையில் நிக்கான் டி5600 கேமரா இருக்கிறது, அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ், அப்புறம் ஒரு 70-300. கொஞ்ச காலமாகப் பறவைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், இல்லையென்றால் பக்கத்துக் குளங்கள். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. அங்கே சிறு நீல மீன்கொத்தி தினமும் வந்து உட்காரும். படம் எடுத்துக் கணினியில் பெரிதாக்கினால் நீலமாக ஒரு புள்ளிதான்.

பட்ஜெட் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். மூன்று வழி யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்று, பழைய நிக்கான் டி500 கேமரா, அதோடு பழைய நிக்கான் 200-500 லென்ஸ். இரண்டு, புதிய கேனான் ஆர்10, அதோடு ஆர்எஃப் 100-400. மூன்று, எதுவும் வேண்டாம், நிக்கான் பி950 மாதிரி, லென்ஸ் கேமராவோடு சேர்ந்தே இருக்கும் ஒரு சூப்பர் ஜூம் வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பது. யூடியூபில் பார்த்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இங்கே களத்தில் நிற்பவர்கள் சொன்னால் தேவலை.

உப்பளத்துக்கொக்கு எழுதியது:

வாங்க தம்பி. நாலாவது வழி ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள். டி5600 இருக்கட்டும், லென்ஸை மட்டும் வாங்குங்கள்.

ஏன் என்பதற்குக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். உங்கள் மீன்கொத்தி அலகோடு சேர்த்து ஏறக்குறைய 17 செ.மீ. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அது, நடுவில் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேமராவுக்குள் படம் விழும் சென்சாரின் அகலத்தை லென்ஸின் நீளத்தால், அதாவது அதன் மி.மீ. எண்ணால், வகுத்துத் தூரத்தால் பெருக்கினால், படத்துக்குள் எத்தனை அகலம் விழுகிறது என்று தெரிந்துவிடும். டி5600 சென்சார் 23.5 மி.மீ. அகலம். 300 மி.மீ.யில் 15 மீட்டரில் விழுவது கிட்டத்தட்ட 1.17 மீட்டர். அந்த அகலத்தில் உள்ள 6000 பிக்சலில் குருவிக்குக் கிடைப்பது 870 சொச்சம். அதே கேமராவில் 500 மி.மீ. மாட்டினால் 1450. டி500 வாங்கி அதில் 500 மாட்டினால் 1340, ஏனென்றால் அது 20.9 மெகாபிக்சல்தான், உங்கள் டி5600 24.2. ஆர்10ல் 400 மி.மீ. என்றால் 1220.

ஆக, குருவி பெரிதாகத் தெரிவதற்காக டி500க்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது: ஃபோகஸ், விநாடிக்கு 10 படம், கையில் பிடிக்கும் உறுதி. அது வேண்டுமா என்பது வேறு கேள்வி.

அப்புறம், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினால்தான் பறவைப் படம் என்று யாராவது ஆரம்பித்தால் இந்தக் கணக்கையே அங்கேயும் போடுங்கள். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் 600 மி.மீ. மாட்டினாலும் அந்த மீன்கொத்திக்கு 1130 பிக்சல்தான். ஃபுல் ஃப்ரேம் குறைந்த வெளிச்சத்துக்கு நல்லது, மறுக்கவில்லை. தூரத்துப் பறவையை அது பக்கத்தில் கொண்டுவராது.

வேகமூடி எழுதியது:

அண்ணாச்சி கணக்கு சரி. ஆனால் பிக்சலை எண்ணிப் பறவைப் படம் எடுக்க முடியாது. 1450 பிக்சலும் ஃபோகஸ் தவறியிருந்தால் குப்பைக்குத்தான் போகும்.

டி5600ல் ஃபோகஸ் புள்ளிகள் 39, அதில் நடுவில் உள்ள 9 மட்டும்தான் குறுக்கு வகை, அதாவது கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் பிடிப்பவை. விநாடிக்கு 5 படம். உட்கார்ந்த பறவைக்குப் போதும். தகைவிலான் பறக்கும்போது எடுத்துப் பாருங்கள், பொறுமை போய்விடும். இன்றைக்கு ஆர்10 மாதிரி, உள்ளே கண்ணாடி இல்லாத ஆரம்பநிலை மிரர்லெஸ் கேமராகூடப் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. புள்ளியை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டாம், கட்டத்துக்குள் பறவை இருந்தால் போதும். நான் உங்கள் டி5600 மாதிரி கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆரிலிருந்து மாறியவன். திரும்பப் போகவே மாட்டேன்.

இன்னொன்று, நிக்கான், கேனான் இருவருமே புதிய டி.எஸ்.எல்.ஆர். கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். 2016ல் வந்த டி500 தயாரிப்பும் நின்றுவிட்டது. இனிமேல் அதில் பணம் போடுவது எதற்கு?

மரகதப்புறா எழுதியது:

மூன்றாவது ஒரு விஷயத்தை இருவருமே தொடவில்லை, வெளிச்சம். நான் பெரும்பாலும் முண்டந்துறைப் பக்கம், காட்டுக்குள் எடுப்பவள். ஆர்எஃப் 100-400 விலைக்கு அருமையான லென்ஸ், 635 கிராம்தான். ஆனால் 400 மி.மீ.யில் எஃப் 8 (இந்த எண் ஏற ஏற லென்ஸின் துளை சிறிதாகும், வெளிச்சம் குறையும்). 200-500 எல்லா நீளத்திலும் எஃப் 5.6. ஒரு ஸ்டாப் வித்தியாசம், அதாவது பாதி வெளிச்சம். எஃப் 5.6 லென்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கு ஈடுகட்டக் கேமராவில் ஏற்றுகிற எண்) 3200 வருகிற இடத்தில் எஃப் 8 லென்ஸுக்கு 6400 வேண்டும். டி5600, ஆர்10 மாதிரி சிறிய க்ராப் சென்சாரில் 6400 என்றால் இறகின் நுண்மை கரையத் தொடங்கிவிடும்.

வெட்டவெளி என்றால் கதை வேறு. நல்ல வெயிலில் எஃப் 8, 1/2000 விநாடி வைத்தாலும் ஐ.எஸ்.ஓ. 400 சுற்றித்தான் நிற்கும். கூந்தன்குளத்தில் எட்டு மணிக்கு எஃப் 8 ஒரு குறையே இல்லை. அதனால் தம்பி எங்கே நிற்கப் போகிறார் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

ஆனால் காட்டுப் பறவைகளில் ஒரு சலுகை உண்டு. தீக்காக்கை போன்றவை அசையாமல் வெகுநேரம் உட்கார்ந்திருக்கும். அங்கே லென்ஸில் உள்ள அதிர்வு தடுப்பை நம்பி 1/125க்கு இறங்கலாம். அந்த அதிர்வு தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், குருவி தலையைத் திருப்புவதை நிறுத்தாது. புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் இதைக் குழப்பிக்கொண்டு, லென்ஸ் சரியில்லை என்கிறார்கள்.

சிங்கைச்சிட்டு எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து ஒரு குரல். இங்கே சுங்கை பூலோவில் பெரிய வெள்ளை லென்ஸ்களை வரிசையாகப் பார்க்கலாம். பார்த்து ஏங்கி, கடைசியில் கேனான் ஆர்எஃப் 800 எஃப் 11 வாங்கினேன். 800 மி.மீ. 1.26 கிலோவில் கிடைக்கிறதே என்று. கேட்டதைக் கொடுக்கும், ஆனால் நிபந்தனை போட்டுக் கொடுக்கும். திரையின் நடுப்பகுதியில் மட்டும்தான் ஃபோகஸ். 6 மீட்டருக்குள் இருப்பது எதுவும் தெளியாது. துளையை மாற்றவே முடியாது, என்றைக்கும் 11தான். மேகம் கவிந்தால் பைக்குள் வைத்துவிட வேண்டியதுதான். தோட்டத்தில் தேன்சிட்டு எடுக்க ஆசை இருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

எந்த லென்ஸானாலும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் இது கண்ணில் படாது. 200-500க்கு 2.2 மீட்டர், ஆர்எஃப் 100-400க்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஒரு காலத்தில் பறக்கும் பறவைக்கு எல்லோரும் வைத்திருந்த கேனானின் பழைய 400 எஃப் 5.6க்கு 3.5 மீட்டர்.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். காட்டுக்குள் போவது அபூர்வம். எண்பது சதவீதம் குளக்கரை, மீதி வீட்டு வாய்க்கால். காரில்லை, பைக்தான். தோள்பட்டையில் கொஞ்சம் வலி உண்டு. இரண்டையும் இணையத்தில் பார்த்தேன்: டி500ம் 200-500ம் சேர்ந்தால் மூன்று கிலோவுக்கு மேல், ஆர்10ம் 100-400ம் சேர்ந்தால் ஒரு கிலோவை ஒட்டித்தான். இந்த வித்தியாசம்தான் என்னை இழுக்கிறது.

பறக்கும் படம் ஆசைதான், ஆனால் முதல் ஆசை உட்கார்ந்திருக்கும் பறவை தெளிவாக வருவது. பி950 பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? 2000 மி.மீ. என்கிறார்கள்.

உப்பளத்துக்கொக்கு எழுதியது:

பொருநைக்கரை தம்பி, பி950ஐக் கேலி செய்பவர்கள் இங்கேயும் உண்டு. நான் செய்ய மாட்டேன். ஒரு கிலோ எடை, பறவையை அடையாளம் காண்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. முந்தைய பி900ல் ரா கோப்பு (பிறகு கணினியில் திருத்த வசதியான, சுருக்காத படக் கோப்பு) கிடையாது, இதில் உண்டு.

ஆனால் அந்த 2000 என்பது ஃபுல் ஃப்ரேமுக்குச் சமமாகச் சொல்கிற எண். உள்ளே இருக்கும் லென்ஸின் நிஜ நீளம் 357 மி.மீ. மீதியெல்லாம் சென்சார் பொடியாக இருப்பதால் வருவது. அகலம் 6 மி.மீ. சொச்சம்தான், டி5600 சென்சாரில் ஏறக்குறைய கால்வாசி. அதற்குள் 16 மெகாபிக்சலை அடைத்திருக்கிறார்கள். உங்கள் மீன்கொத்தி 3000 பிக்சல் அகலத்துக்கு வரும், ஆனால் அந்த ஒவ்வொரு பிக்சலிலும் சரக்கு குறைவு. முழு நீட்டத்தில் எஃப் 6.5. காலை வெயிலில் உட்கார்ந்த பறவை அழகாக வரும். சூரியன் மேகத்துக்குப் போனால் இறகு எல்லாம் நீர்வண்ணம் பூசியது மாதிரி ஆகிவிடும். பறக்கும் பறவையை அந்தக் குறுகிய பார்வைக்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது கங்கைகொண்டான் தாண்டிப் போயிருக்கும்.

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்கு வருகிறவர்களில் யாராவது, தூரத்தில் நிற்கும் உள்ளானின் கால் நிறம் தெரிந்தால் போதும் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். நீங்கள் கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன்.

மரகதப்புறா எழுதியது:

கூந்தன்குளம் என்றதால் ஒன்று சொல்கிறேன். அந்த ஒரே ஊரில் இரண்டு விதமான தூரம் இருக்கிறது. ஊருக்குள் வீட்டோரத்து மரங்களில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. அங்கே பத்து மீட்டரில் உங்கள் 300 மி.மீ.யிலேயே ஒரு நாரை முழுதாக அடங்காது. அதே ஊரில் குளத்து நடுவே இறங்கும் பட்டைத்தலை வாத்து நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும். அதற்கு 500 இல்லை, 800 கொண்டுபோனாலும் ஒன்பது மணிக்கு மேல் ஒன்றும் நடக்காது.

காரணம் கானல். கரை மண் சூடாகி, நீருக்கு மேல் உள்ள காற்று அலையத் தொடங்கியதும் தூரத்துப் படம் எல்லாம் குழைந்துவிடும். எத்தனை லட்சம் கொடுத்த லென்ஸும் காற்றைத் தாண்டிப் பார்க்காது. சோதிக்க எளிய வழி: ஒரே வாத்தை, கேமராவை அசைக்காமல் தொடர்ந்து இருபது படம் எடுங்கள். ஒன்று தெளிவாக, அடுத்தது குழைந்து, மறுபடி ஒன்று பாதித் தெளிவாக என்று மாறி மாறி வந்தால் கானல்தான். எல்லாமே ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் ஃபோகஸையோ லென்ஸையோ சந்தேகப்படலாம்.

இந்த இழையில் எல்லோரும் மி.மீ. பேசுகிறோம். தூரத்தைப் பாதியாக்கினால் லென்ஸ் இரண்டு மடங்கானதற்குச் சமம், அதுவும் கானல் இல்லாமல். வெயில் ஏறுவதற்குள் போய், கரையோரம் தாழ உட்கார்ந்து, அசையாமல் இருந்தால் உள்ளான் தானாகவே பத்து மீட்டருக்குள் வரும். கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இந்த வித்தை வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துக் காத்துவரும் கூடுகள் அவை.

வேகமூடி எழுதியது:

அக்கா சொன்ன கானலோடு இன்னொன்று: காரில் போகிறவர்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கி எடுத்தால், கார் கதவருகிலேயே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து படம் குழையும். பைக்கில் போகிறவருக்கு அந்தக் கவலை இல்லை.

பொருநைக்கரை, எடைதான் பிரச்சினை என்றால் ஆர்10ம் 100-400ம்தான் என் வாக்கு. தூக்கிக்கொண்டு போகாத லென்ஸ் அலமாரியில்தான் இருக்கும். 2.3 கிலோ லென்ஸ் வாங்கிய என் நண்பர் ஒருவர் முதல் சீசனோடு சரி. ஆர்10ல் எலக்ட்ரானிக் ஷட்டரைத் தவிருங்கள், சிறகு வளைந்து விழும். மெக்கானிக்கலிலேயே விநாடிக்கு 15 கிடைக்கிறது. கேமராவின் தற்காலிக மெமரி சீக்கிரம் நிரம்பித் திணறும், அதனால் விரலை அழுத்தியபடியே வைத்திருக்காமல் விட்டு விட்டு எடுங்கள்.

உப்பளத்துக்கொக்கு எழுதியது:

வேகமூடி சொல்வதில் நியாயம் இருக்கிறது, எடையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஆனால் தம்பி குளக்கரையில் ஒரே இடத்தில் உட்காரப் போகிறவர். நடந்துகொண்டே எடுப்பவருக்குத்தான் 2.3 கிலோ கொல்லும். உட்காருபவருக்கு மணல் மூட்டை போன்ற ஒரு பீன் பேக் போதும். வெறும் பையாகக் கொண்டுபோய் அங்கே அரிசியோ மணலோ நிரப்பிக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கு. இப்போது 200-500ஐ மட்டும் வாங்கினால் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் மிஞ்சும். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, 2024 நவம்பரில் வந்த நிக்கான் இசட்50 இரண்டாம் பதிப்பு போன்ற ஒன்றை வாங்கி, பழைய நிக்கான் லென்ஸைப் புதிய கேமராவோடு இணைக்கும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு இதே லென்ஸை மாட்டலாம். பறவையைத் தனியாக அடையாளம் காணும் ஃபோகஸ் அதில் இருக்கிறது. வேகமூடி சொல்கிற சுகம் அப்போது வந்துவிடும். லென்ஸுக்குப் போட்ட பணம் வீணாகாது. இசட் 180-600, சோனி 200-600 எல்லாம் நல்ல லென்ஸ்கள், ஜூம் செய்தால் நீளாது, ஆனால் இந்தப் பட்ஜெட்டில் அவை பேச்சுக்கு மட்டும்.

பொருநைக்கரை எழுதியது:

மதுரையில் ஒருவர் 200-500 விற்கிறார். 65 ஆயிரம் சொல்கிறார். நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

உப்பளத்துக்கொக்கு எழுதியது:

முதலில் உங்கள் டி5600ஐக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டு போங்கள். டி500, டி7500 போன்றவற்றில் லென்ஸ் ஃபோகஸ் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தால் திருத்திக்கொள்ள வசதி உண்டு. டி5600ல் கிடையாது. அவருடைய கேமராவில் நன்றாக இருக்கிற லென்ஸ் உங்களுடையதில் சரியாக விழும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 500 மி.மீ., எஃப் 5.6 வைத்து, பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் ஒரு சுவரொட்டியைச் சாய்வாகப் பார்த்து வியூஃபைண்டர் வழியாக எடுங்கள். அதையே லைவ் வியூவில், பின்பக்கத் திரையைப் பார்த்து, எடுங்கள். இரண்டிலும் தெளிவு ஒரே இடத்தில் விழ வேண்டும். லைவ் வியூ மட்டும் தெளிவாக இருந்தால் அந்த ஜோடி ஒத்துப்போகவில்லை, வாங்காதீர்கள்.

பூஞ்சைக்கு மொபைல் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. ஜூம் வளையம் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராகத் திரும்ப வேண்டும். நீளமாகச் சுற்ற வேண்டியிருக்கும், அது அந்த லென்ஸின் சுபாவம். முன்னால் 95 மி.மீ. மலிவு யுவி ஃபில்டர் ஒன்று மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். நீண்ட லென்ஸில் அந்தக் கண்ணாடியே படத்தைக் கெடுக்கும்.

மரகதப்புறா எழுதியது:

வாங்கிய பிறகு வைக்கிற இடமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துணிப் பைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சை தானாக வரும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட் பெட்டி வாங்க முடிந்தால் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கலாம். இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் போடுவது. தூத்துக்குடிக் காற்றில் உப்பு வேறு, கொக்கு அண்ணாச்சிக்குத் தெரியும்.

பொருநைக்கரை எழுதியது:

போய் வந்தேன். அண்ணாச்சி சொன்னபடி சாய்வாகச் சுவரொட்டி எடுத்தேன், இரண்டிலும் ஒரே எழுத்தில் தெளிவு விழுந்தது. பூஞ்சை இல்லை. கொஞ்சம் பேசி விலையைக் குறைத்து வாங்கிவிட்டேன். டி5600ல் மாட்டினால் கேமரா எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, லென்ஸ்தான் தெரிகிறது. வேகமூடி, திட்ட வேண்டாம், கேமரா அடுத்த சுற்றில்.

கடைசியாக ஒன்று. பைக்கில் கொண்டுபோகும்போது கேமராவோடு மாட்டியே வைக்கலாமா? கழுத்துப் பட்டையை எதில் மாட்டுவது?

உப்பளத்துக்கொக்கு எழுதியது:

கழற்றித் தனித்தனியாக, முதுகுப் பையில் வைத்துக் கொண்டுபோங்கள், பெட்ரோல் டேங்க் மேல் வைக்காதீர்கள். அதிர்வு நேரே ஏறும். குளத்தில் இறங்கிய பிறகு மாட்டுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி, கேமராவின் வாய் கீழே பார்க்கும்படி. பட்டையைக் கேமராவில் மாட்டவே கூடாது, அத்தனை எடையும் லென்ஸும் கேமராவும் சேரும் மவுண்ட் மேல் தொங்கும். லென்ஸுக்கு அடியில் ட்ரைபாட் மாட்டுகிற கால் இருக்கிறதே, அதில் மாட்டிக் குறுக்காகத் தோளில் போடுங்கள், வலி இல்லாத தோளில். நடக்கும்போது ஜூமை 200க்குச் சுருக்கிப் பூட்டு விசையைத் தள்ளி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் தானாக நீண்டு இறங்கும்.

வேகமூடி எழுதியது:

திட்டவில்லை. ஒற்றைப் புள்ளி ஃபோகஸ், ஏஎஃப்-சி (தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை), 1/1600 விநாடி, ஐ.எஸ்.ஓ. ஆட்டோ. நடுப் புள்ளியை மட்டும் நம்புங்கள். மீன்கொத்தி படத்தை இங்கே போடுங்கள், வெட்டாமல்.